கயலுக்கு, கிங்ஸ் ஹீத் ஹன்ட்டைப் பற்றி

பாளையங்கோட்டை
ஞாயிறு

அன்பு மகள் கயலுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். அம்மாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, மூட்டு வலிதான் மாடிப்படி ஏறும்போது படுத்துகிறது. ராஜி சித்தி மகளுக்கு ஆவணியில் கல்யாணம் முடிவாகியிருக்கிறது. மாப்பிள்ளைக்குத் தூத்துக்குடி துறைமுகத்தில் வேலை. மற்ற விவரமெல்லாம் நீ போனை எடுத்தால் அம்மா சொல்லுவாள்.

வாட்ஸ்அப்பில் 'பிஸிப்பா, அப்புறம் கூப்பிடுறேன்' என்று போடுகிறாய். அதைக் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் எனக்குச் சொல்ல வேண்டியது ரெண்டு வரியில் அடங்காது. போனில் பேசலாம் என்றால் அம்மா பக்கத்திலேயே நிற்கிறாள். அதனால்தான் கடிதம்.

சிவா அந்தப் படத்தைக் கொண்டு வந்து காட்டினான். நீயும் இன்னும் நாலைந்து பேரும் ஒரு தெருவில் நிற்கிறீர்கள். எல்லோர் சட்டையிலும் கட்சியின் சிவப்பு ரிப்பன் பூ, உன் கையில் ஒரு கட்டு நோட்டீஸ். நீ இப்படிச் சிரித்துப் பார்த்து ரொம்ப நாள் ஆயிற்று. அம்மா படத்தைப் பெரிதாக்கி உன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் மற்றதையும் பார்த்தேன். செவ்வாய்க்கிழமை போட்ட படம், நல்ல பகல் வெளிச்சம், உன் கழுத்தில் ஆஸ்பத்திரி அட்டை இல்லை. இங்கே வந்தபோதுகூட அந்த நீல நாடாவைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தவள் நீ.

லீவு போட்டிருப்பாய் என்று எடுத்துக்கொண்டேன். அம்மாவிடமும் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன்.

கவுன்சிலர் தேர்தலுக்கு நிற்கப் போகிறாய் என்பதைச் சிவா சொல்லித்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. அது போகட்டும். கேட்டதும் எனக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். பார்க்கில் வேலுச்சாமி சாரிடமும் சொன்னேன். 'இந்தியப் பாஸ்போர்ட் வைத்துக்கொண்டு இங்கிலாந்துத் தேர்தலில் எப்படி நிற்க முடியும்' என்று அவர் கேட்டார். காமன்வெல்த் நாட்டுக் குடிமகள், நிரந்தரமாகத் தங்கும் அனுமதி இருக்கிறது, அதனால் நிற்கலாம் என்று விளக்கினேன். அந்த ஐ.எல்.ஆர். வந்த அன்றைக்கு நீ அழுதுகொண்டே கூப்பிட்டதையும் சொன்னேன். அவருக்கு நம்பவே முடியவில்லை. எங்களுக்கெல்லாம் நடத்தை விதிகள் எப்படி இருந்தன என்று உனக்குத் தெரியும். அரசு ஊழியன் கட்சிக் கூட்டத்துப் பக்கம் தலைவைத்துப் படுக்க முடியாது. உங்கள் நாட்டிலோ ஆஸ்பத்திரி ஊழியர் கவுன்சிலராகவும் இருக்கலாம், அந்த வேலைக்கு நியாயமான அளவு நேரம் ஒதுக்கித் தர வேண்டும் என்று 1996-ஆம் வருடத்து வேலைவாய்ப்புச் சட்டமே சொல்கிறதாம். அதாவது, கவுன்சிலர் ஆவதற்காக ஆஸ்பத்திரி வேலையை விட வேண்டியதில்லை. இதைப் படித்தபோது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

அந்த வேகத்தில் இன்னும் படித்தேன். உன்னைப் போல ஆஸ்பத்திரி நிர்வாகத்தில் இருந்து அரசியலுக்குப் போனவர்கள் யார் யார் என்று தேடினேன். பிரிஸ்டல் தெற்குத் தொகுதி கேரின் ஸ்மித் இருக்கிறார். அயர்லாந்திலிருந்து வந்து குடியேறியவர்களின் மகள், அங்கத்து அரசு மருத்துவ சேவையான என்.ஹெச்.எஸ்.ஸில் மேலாளராக இருந்தவர். 2015-இல் எம்.பி., 2024 ஜூலையில் சுகாதாரத் துறையிலேயே இணை அமைச்சர். அதே தேர்தலில்தான் நம் தமிழ்ப்பெண் உமா குமரன் ஸ்ட்ராட்ஃபோர்டில் ஜெயித்தது. அன்றைக்கு அம்மா ஏதோ சொந்தக்காரப் பெண் ஜெயித்த மாதிரி தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாள், ஞாபகம் இருக்கிறதா?

ஆனால் நான் நின்றுவிட்டது இன்னொருவரிடம். பெயர் ஃபிலிப் ஹன்ட். லார்டு ஹன்ட் ஆஃப் கிங்ஸ் ஹீத் என்பது அவருடைய பட்டம். கிங்ஸ் ஹீத் என்று பார்த்ததுமே கண் அங்கே போய்விட்டது. நீ பர்மிங்ஹாமில் படித்தபோது நாங்கள் வந்து தங்கிய இடமாயிற்றே. 50-ஆம் நம்பர் பஸ் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருக்கும், அம்மா குளிர் தாங்காமல் கடைக்குக் கடை நுழைந்து நிற்பாள். அந்த ஊர்ப் பெயரில் ஒரு பிரபு இருக்கிறார், அவரும் உன் தொழில்காரர் என்று அப்போது யாரும் சொல்லவில்லை.

பிரபு என்றதும் பரம்பரைக் கோட்டை, நிலபுலன் என்று நினைத்துவிடாதே. 1949-இல் பிறந்தவர். என்.ஹெச்.எஸ். 1948 ஜூலையில் தொடங்கியது, அதைவிட ஒரு வயது இளையவர். லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு 1972-இல் ஆக்ஸ்போர்டு வட்டார மருத்துவமனை வாரியத்தில் வேலை ஆய்வு அலுவலராகச் சேர்ந்தார். அந்த வேலை எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும். நம் ஆஸ்பத்திரிக்கும் ஒருமுறை அப்படி ஒரு குழு வந்தது. ஸ்டோரில் இன்டென்ட் கொடுத்ததிலிருந்து பஞ்சு வார்டுக்குப் போய்ச் சேரும்வரை யார் யார் கையில் எவ்வளவு நேரம் தங்குகிறது என்று ஒரு பையன் கடிகாரத்தோடு கூடவே நடந்தான். எல்லோரும் அவனைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். எனக்கு அவனைப் பிடித்திருந்தது. ஒரு கையெழுத்துக்காகப் பஞ்சு ஒரு மேசையில் ராத்திரி முழுக்கக் கிடந்ததை முதலில் எழுதி வைத்தவன் அவன்தான். ஒரு நாட்டின் அமைச்சர் அந்த மாதிரி வேலையில் தொடங்கியவர் என்பது எனக்கு ரொம்பப் பெரிய விஷயமாகத் தெரிகிறது. அடித்தட்டில் எது எங்கே தேங்குகிறது என்று பார்த்தவர் மேலே போகிறார்.

அடுத்து வருவதைக் கவனமாகப் படி. 1972-இல் வேலை. 1973-இல் ஆக்ஸ்போர்டு நகரக் கவுன்சிலர். 1979 வரை கவுன்சிலராகவே இருந்தார், கூடவே வேலையும் பார்த்தார். அதற்குள் நஃபீல்ட் எலும்பு மருத்துவமனை நிர்வாகம், அப்புறம் லண்டன் பக்கம் எட்ஜ்வேர் - ஹென்டன் சமூக சுகாதாரக் கவுன்சிலில் செயலாளர் என்று வேலைகளும் மாறின. பிறகு பர்மிங்ஹாம் வந்தார், 1980 முதல் 1982 வரை அங்கேயும் கவுன்சிலர். ஒரு கையில் சம்பளம், மறு கையில் மக்கள் வேலை. சம்பளத்தை விட்டுவிட்டு மக்கள் வேலைக்குப் போகவில்லை. கவுன்சிலருக்குக் கொடுப்பது படிதான், சம்பளம் இல்லை என்று நீயே ஒருமுறை சொல்லியிருக்கிறாய். அந்தப் படியை வைத்து வீட்டுக் கடன் கட்ட முடியாது. அதனால் சொல்கிறேன், நில், ஜெயி, ஆனால் வேலையை விடாதே.

அந்த சமூக சுகாதாரக் கவுன்சில் பற்றி உனக்குப் பாடத்தில் வந்திருக்கும். 1974-இல் வந்த அமைப்பு. ஆஸ்பத்திரியை நடத்துகிறவர்கள் ஒரு பக்கம் என்றால், நோயாளிகளுக்காகக் கேள்வி கேட்க இன்னொரு பக்கம் ஆள் வேண்டும் என்று வைத்தார்கள். அதற்கென்று தனி அலுவலகம், தனிச் செயலாளர். ஹன்ட் அந்தப் பக்கமும் உட்கார்ந்து பார்த்தவர் என்பதுதான் எனக்கு அவரிடம் முதலில் பிடித்தது. பிடிக்காததும் அங்கேதான் வருகிறது. இங்கிலாந்தில் அந்தக் கவுன்சில்களையெல்லாம் கலைக்கும் சட்டம் 2002-இல் வந்தது, அப்போது சுகாதாரத் துறையில் இவர் அமைச்சர். கீழே இருந்தபோது பார்த்த நாற்காலியை மேலே போன பிறகு எடுத்துவிட்டார்களே என்று எனக்கு வருத்தம்தான். அவர் தரப்பு நியாயம் ஏதாவது இருக்கும். நீ ஜெயித்து மேலே போனால் இதை நினைத்துக்கொள்.

நடுவில் அவர் பார்த்ததெல்லாம் சங்க வேலை. சுகாதார ஆணையங்களின் தேசியச் சங்கத்தில் சேர்ந்து 1984-இல் இயக்குநர் ஆனார். அப்போதெல்லாம் ஒவ்வொரு ஊர் ஆஸ்பத்திரிகளையும் ஓர் ஆணையம் நடத்திற்று. 1990 சட்டத்துக்குப் பிறகு ஆஸ்பத்திரிகளைத் தனியாக நடத்தும் டிரஸ்டுகள் வந்தன, சங்கத்தின் பெயரும் மாறியது. கடைசியில் என்.ஹெச்.எஸ். கான்ஃபெடரேஷன் ஆனபோது அதன் முதல் தலைமை நிர்வாகி இவர்தான். ஏறக்குறைய அத்தனை வருடமும் மார்கரெட் தாட்சர், ஜான் மேஜர் ஆட்சிதான். இவர் லேபர் கட்சிக்காரர். கட்சி வேறாக இருந்தாலும் மேசையில் உட்கார்ந்து பேசி வேலையை நடத்தியிருக்கிறார். 1993-இல் அந்த ஆட்சிக் காலத்திலேயே ஓ.பி.ஈ. என்கிற அரசு விருதும் கிடைத்தது. 1997-இல் டோனி பிளேர் வந்ததும் பார்லிமெண்டின் மேல்சபையான பிரபுக்கள் சபைக்கு அனுப்பினார்கள், 1999-இல் சுகாதாரத் துறை அமைச்சர்.

நான் இதையெல்லாம் எழுதுவது 2003-க்காக.

ஈராக் மேல் படையெடுப்பதற்கு அந்த மார்ச் 18-ஆம் தேதி பார்லிமெண்டில் ஓட்டெடுப்பு. 412 பேர் போருக்கு ஆதரவு, 149 பேர் எதிர்ப்பு. முந்தின நாள் மூத்த அமைச்சர் ராபின் குக் அமைச்சரவையை விட்டு விலகினார். 18-ஆம் தேதி இன்னொரு அமைச்சர் ஜான் டென்ஹாமும் நம் ஹன்ட்டும் விலகினார்கள். குக்கை உலகமே பேசியது. ஹன்ட் ஆஸ்பத்திரி விவகாரம் பார்க்கிற இளநிலை அமைச்சர், ஈராக்குக்கும் அவர் இலாகாவுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் யாரும் ஏன் என்று கேட்டிருக்க மாட்டார்கள். முப்பது வருடம் படிப்படியாக ஏறி வந்து சேர்ந்த இடம், தனக்குப் பிடித்த இலாகா. மனசுக்கு ஒப்பவில்லை என்று எழுந்து போய்விட்டார். பதவியைத்தான் விட்டார், கட்சியை விடவில்லை, சபையையும் விடவில்லை.

இதைப் படித்துவிட்டு எழுந்துபோய்க் கொஞ்ச நேரம் வாசலில் நின்றேன். வேலையை விடாதே என்று மேலே எழுதியிருக்கிறேன். இந்த மனிதர் விட்டதைப் படித்தால் அவர் மேல் மதிப்பு கூடுகிறது. ரெண்டும் என் மனசில் இருக்கிறது கயல்.

பொங்கலுக்குப் பேசினாயே, அதற்குப் பிறகு நீ முழுசாகப் பேசவே இல்லை. வார்டில் படுக்கை இல்லாமல் தாழ்வாரத்திலேயே ஒரு பாட்டி ட்ராலியில் விடிய விடியக் கிடந்தது, யாரோ தலைமாட்டில் வைத்துவிட்டுப் போன தண்ணீர் டம்ளருக்குக் கை எட்டாமல் அப்படியே இருந்தது, நீ மேலே எழுதினாய், கூட்டம் போட்டார்கள், மறுவாரம் அதே இடத்தில் வேறு ட்ராலி நின்றது. 'சொன்னா யாரும் கேக்கறதில்லப்பா' என்றாய். அம்மா குறுக்கே வந்து பொங்கல் வைத்தாயா, கரும்பு கிடைத்ததா என்று கேட்டாள், பேச்சு அப்படியே போய்விட்டது. அதை நான் மறக்கவில்லை. சிவப்பு ரிப்பனோடு நீ நிற்கிற படத்தைப் பார்த்தபோது அந்த ட்ராலிதான் ஞாபகம் வந்தது.

ஹன்ட்டுக்கும் இந்த மாதிரி ஒன்று வந்தது, அமைச்சர் பதவியெல்லாம் முடிந்த பிறகு. 2011 முதல் 2014 வரை பர்மிங்ஹாமில் ஹார்ட் ஆஃப் இங்கிலாந்து டிரஸ்டுக்குத் தலைவராக இருந்தார். அதைச் சேர்ந்த சோலிஹல் ஆஸ்பத்திரியில் ஒரு மார்பக அறுவை நிபுணர் பெண்களுக்கு வருடக்கணக்கில் தப்பும் தவறுமாக அறுவை செய்திருந்தார். கூட வேலை பார்த்தவர்கள் 2003-லேயே சொல்லியிருக்கிறார்கள். எடுபடவில்லை. பெரும்பாலும் ஹன்ட் வருவதற்கு முன்னால் நடந்தது. ஆனால் டிரஸ்டே கேட்டு வாங்கிய இயன் கென்னடி அறிக்கை 2013 டிசம்பரில் வெளிவந்தபோது நாற்காலியில் இருந்தவர் இவர். சொன்னவர்கள் பேச்சைக் கேட்காமல் விட்டதுதான் அந்த அறிக்கை முழுக்க. அந்த மருத்துவர் 2017-இல் சிறைக்குப் போனார். சொல்லியும் கேட்கப்படாதவர்களை நினைத்துத்தான் எனக்குத் தூக்கம் வரவில்லை. அவர்களில் யாராவது வீட்டில் வந்து தன் அப்பாவிடம், சொன்னால் யாரும் கேட்பதில்லை என்று சொல்லியிருப்பார்கள் இல்லையா?

நீ சொன்னது தப்பே இல்லை. திரும்பத் திரும்பச் சொல், எழுத்தில் சொல், தேதி போட்டு நகல் எடுத்து வைத்துக்கொள். நகல் வீட்டில் இருக்கட்டும்.

ஹன்ட் 2003-இல் போனவர் 2005-இல் மறுபடி அமைச்சர். முதலில் வேலை மற்றும் ஓய்வூதியத் துறை, 2007 ஜனவரியில் பழைய சுகாதாரத் துறைக்கே இணை அமைச்சராக, அப்புறம் நீதித்துறை, 2008-இல் எரிசக்தி. யார் ஆட்சியை விட்டு விலகினாரோ அதே பிளேர்தான் திரும்பக் கூப்பிட்டதும். 2010-இல் ஆட்சி போனது. எதிர்க்கட்சி வரிசையில் உட்கார்ந்தும் வேலை செய்தார். உறுப்பு தானச் சட்டம் 2019-இல் வந்ததே, வேண்டாம் என்று பதிவு செய்யாத பெரியவர்களில் பெரும்பாலோர் தரச் சம்மதித்ததாகவே எடுத்துக்கொள்ளும் சட்டம், அதைப் பிரபுக்கள் சபையில் கொண்டுபோய் நிறைவேற்றியவர் இவர். 2020 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. அங்கேயும் குடும்பத்தாரைக் கேட்கிறார்களாம். இங்கே குடும்பத்தார் கையெழுத்துப் போட்டால்தான் எதுவும் நடக்கும். அந்த நேரத்தில் அந்தக் கையெழுத்தைக் கேட்பது எவ்வளவு கஷ்டம் என்று எங்கள் ஆபீஸில் இருந்தவர்களுக்குத் தெரியும். ஆட்சியில் இல்லாத காலத்தில் செய்த இந்த ஒன்று, அமைச்சராக இருந்து செய்த பலவற்றைவிட அதிக நாள் நிற்கும் என்று நினைக்கிறேன். 2024-இல் எழுபத்தைந்து வயதில் மறுபடி எரிசக்தித் துறையில் இணை அமைச்சர், 2025 மே வரை.

இதைப் படித்துவிட்டு நீ, 'அவருக்கு ஆயுள் முழுக்க சபையில் இடம் இருக்குப்பா, எனக்கு என்ன இருக்கு' என்று சொல்லுவாய். சரிதான். அவர் பதவியை விட்டபோதும் உட்கார ஓர் இடம் இருந்தது. உனக்கு மாசம் பிறந்தால் கடன் கட்ட வேண்டும். அதனால்தான் வேலையை விடாதே என்று திரும்பத் திரும்ப வருகிறேன். ஒரு வார்த்தை என்னிடம் சொல்லியிருக்கலாம். சின்னதிலிருந்து எல்லாவற்றையும் முடித்துவிட்டுத்தான் சொல்லுவாய், அந்த ப்ளஸ் ஒன் குரூப் மாற்றிய விஷயம் மாதிரி. அன்றைக்கும் நீ எடுத்த முடிவு சரியாகத்தான் இருந்தது, அதை நான் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். ஆனால் கடைசியாகத் தெரிந்துகொள்கிற ஆளாக அப்பாவை வைக்காதே.

விட்டுவிட்டாயா என்று நான் கேட்கவில்லை. விட்டிருந்தால் காரணம் இல்லாமல் விட்டிருக்க மாட்டாய், அது எனக்குத் தெரியும். உன் இடத்தில் வேறு யார் வந்தாலும் அந்த ட்ராலி அங்கேயே நிற்கும் என்று நினைத்துத் தெருவில் இறங்கியிருக்கலாம். அப்படி என்றால் நன்றாக இறங்கு. வீடு வீடாகப் போகும்போது அந்தத் தாழ்வாரத்தைப் பற்றிப் பேசு. நோட்டீஸில் அச்சடித்ததை மட்டும் ஒப்பிக்காதே. நீ கண்ணால் பார்த்ததை அவர்களிடம் வேறு யார் சொல்லப் போகிறார்கள்? ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பத் தயாராக இருக்கிற வயதானவர்களுக்கு வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாமல் படுக்கை காலியாகாமல் நிற்கிறது, அந்தப் பராமரிப்பைக் கவனிக்க வேண்டியது நகராட்சிதான் என்று நீதானே எனக்கு வரைந்து காட்டினாய். ரெண்டு பக்கமும் தெரிந்த ஆள் கவுன்சிலில் இருக்கட்டும்.

நேரத்துக்குச் சாப்பிடு. மழைக் கோட்டு இல்லாமல் தெருத்தெருவாகப் போகாதே. தனியாக யார் வீட்டுக்குள்ளும் போகாதே, எப்போதும் ரெண்டு பேராகப் போ. கவுன்சிலர் தேர்தலுக்கு டெபாசிட் கட்ட வேண்டியதில்லை என்று படித்தேன், நல்லது. எம்.பி.க்கு நின்றால்தான் 500 பவுண்டாம், அதை அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

கடனுக்கு அடுத்த மாதம் இடிக்கும் என்றால் மறைக்காதே. போஸ்ட் ஆபீஸில் இருக்கிற அந்தப் பணம் ஆடியில் முதிர்கிறது, முன்னாலேயே எடுத்தாலும் வட்டிதான் கொஞ்சம் குறையும். அது உன் பெயரை நினைத்துப் போட்டதுதான். ராஜி சித்தி வீட்டுக் கல்யாணத்துக்குச் செய்ய வேண்டியதைத் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன், அதைப் பற்றி நீ யோசிக்க வேண்டாம். அம்மாவிடம் இப்போதைக்கு எதுவும் சொல்ல வேண்டாம், எப்படிச் சொல்லுவது என்று நாம் ரெண்டு பேரும் பேசிக்கொண்டு சொல்லலாம்.

உன் நோட்டீஸில் ஒன்றைப் படம் எடுத்து அனுப்பு, ஆங்கிலத்திலேயே இருக்கட்டும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அம்மா கோவிலுக்குப் போய்விடுவாள், உங்களுக்கு அப்போது மத்தியானம். நான் வீட்டில் தனியாகத்தான் இருப்பேன், கூப்பிடு.

அன்புடன்,
அப்பா